அங்கிள் பார்க்கச் சொன்ன கை

பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கும்போதே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. 2003, ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை. ஏப்ரல் மழை பெங்களூருக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு மட்டும் அது பெய்யக் கூடாது என்று நானும் நண்பனும் ஜோலார்பேட்டையிலிருந்து வழிநெடுக வேண்டிக்கொண்டே வந்திருந்தோம். இரவு அரண்மனை மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ். இந்திய மண்ணில் அவர்களுடைய முதல் கச்சேரி.

அது நடக்குமா என்பதே ஒரு வாரமாகக் கவலை. சார்ஸ் காய்ச்சல் பரவிய நேரம் அது. ஹாங்காங், பெய்ஜிங், ஷாங்காய் நிகழ்ச்சிகளை அவர்கள் ரத்து செய்துவிட்டார்கள். அடுத்து நம் ஊர்தானோ என்று பேப்பரைப் பிரிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். டிக்கெட் கையில் இருந்தும் நம்பிக்கை வரவில்லை. புளிசாதம் கட்டிக் கொடுத்த அம்மா, “யாருப்பா பாடறாங்க, எஸ்.பி.பி.யா?” என்று கேட்டார். “இல்லம்மா, வெள்ளைக்காரங்க.” “அதுக்கா இவ்ளோ தூரம்?” என்றவர், ஆனாலும் சாதத்தில் வேர்க்கடலையை அள்ளிப் போட்டார்.

ஸ்டேஷனிலிருந்து ஜெயமஹால் சாலை வழியாக நடந்தோம். எங்களுக்கு முன்னும் பின்னும் கூட்டம் கூட்டமாக ஆட்கள். நீளமாக முடி வளர்த்தவர்கள், இன்-பண்ணிய சட்டையோடு ஆபீஸிலிருந்து நேராக வந்தவர்கள், அறுபது வயதைத் தாண்டிய தம்பதிகள். ஸ்டோன்ஸின் சின்னமான சிவப்பு நாக்கு படம் போட்ட பனியன் எங்கு திரும்பினாலும். யாருக்கும் யாரையும் தெரியாது. ஆனாலும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். கோயில் திருவிழாவுக்கு நடந்து போகிற கூட்டத்தில்தான் அதற்கு முன்னால் அப்படியொரு சிரிப்பைப் பார்த்திருக்கிறேன்.

கேட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

ரயில்வே காலனி

இந்தக் கதையை அங்கிளிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

என் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஜோலார்பேட்டையில், ஏலகிரி மலை தெரிகிற காலனியில் எங்கள் குவார்ட்டர்ஸ். நான்கு வீடு தள்ளி, ரிட்டயர் ஆன ஒரு இன்ஜின் டிரைவர் குடியிருந்தார். ஆங்கிலோ இந்தியர். ஊரில் அவர்களைச் சட்டைக்காரங்க என்று சொல்வார்கள். எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு அவர் அங்கிள். நிலக்கரி இன்ஜின் காலத்தில் குப்பம் ஏற்றத்தில் வண்டி ஓட்டியவர். அவருடைய பிள்ளைகள், அந்தச் சமூகத்தில் பலரையும் போல, ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். போகும்போது அவர்கள் விட்டுச்சென்ற ஒரு பெட்டி கேசட்டும் ஒரு டேப் ரெக்கார்டரும், தன்னுடைய பழைய ஸ்நேர் டிரம்மும் அங்கிளிடம் இருந்தன.

அங்கிள் இளவயதில் ரயில்வே இன்ஸ்டிடியூட் டான்ஸ்களில் டிரம்ஸ் வாசித்தவர். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் மரத்தரையில் பவுடர் தூவி, விடிய விடிய ஆடுவார்களாம். மற்ற டிரம்களை எப்போதோ விற்றுவிட்டார். ஸ்நேரை மட்டும் விற்க மனம் வரவில்லை. சாயங்காலங்களில் வராந்தாவில் உட்கார்ந்து, அதன் மேல் பழைய செய்தித்தாளை விரித்து, கம்பி பிரஷ்ஷால் வருடி வருடி வாசிப்பார். தாளின் மேல் பிரஷ் உரசும் அந்தச் சத்தம் மேட்டில் ஏறுகிற வண்டி மூச்சு வாங்குவது போலவே இருக்கும். அவர் அதை வேண்டுமென்றேதான் அப்படி வாசித்தாரா என்று கேட்காமலே விட்டுவிட்டேன்.

பதின்மூன்று வயதில் அந்த வராந்தாவில்தான் எனக்கு இன்னொரு உலகம் திறந்தது. ஜிம் ரீவ்ஸில் ஆரம்பித்தோம். பிறகு கிளிஃப் ரிச்சர்ட். “இவன் லக்னோவில பொறந்தவன் மேன்.” பிறகு எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்க். “இவன் நம்ம மெட்ராஸ்ல.” சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைவிட அதிக வாஞ்சையோடு அவர் சொன்ன பெயர் பீட் பெஸ்ட். பீட்டில்ஸ் குழுவின் ஆரம்ப கால டிரம்மர். 1941-இல் மெட்ராஸில் பிறந்தவர். உலகப் புகழ் வாசற்படிவரை வந்து நின்ற 1962-இல் அவரை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கிள் அந்த அநீதியை நேற்று நடந்தது போலச் சொல்வார். நானும் நேற்று நடந்தது போலவே கோபப்படுவேன்.

எனக்கு எதிலும் பாடகர்தான் முக்கியம். ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரின் குரல், ஃப்ரெடி மெர்குரியின் குரல். அங்கிள் விடமாட்டார். “பாட்டுக்காரனை எல்லாரும் பார்ப்பான். நீ பின்னாடி உட்கார்ந்திருக்கிறவனைப் பாரு.” கேபிள் டிவி வந்த பிறகு ஒருநாள் ஸ்டோன்ஸ் பாடல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கேமரா டிரம்மர் சார்லி வாட்ஸ் பக்கம் போன அரை நொடியில் எழுந்து நின்று திரையைத் தொட்டுக் காட்டினார். “பார்த்தியா? கையை எடுத்துட்டான்!” எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் கேமரா நகர்ந்துவிட்டது.

பிறகு விளக்கினார். ராக் டிரம்ஸில் வலது கைக்கு வேலை ஹை-ஹேட்டில். இடது காலால் திறந்து மூடுகிற இரட்டைத் தட்டு அது. எட்டு எண்ணிக்கைக்கும் அந்தக் கை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். நடுவே இரண்டு இடங்களில் இடது கை ஸ்நேரில் ஓங்கி விழும். பெரும்பாலான டிரம்மர்களுக்கு அந்த இரண்டு இடங்களிலும் இரண்டு கைகளும் சேர்ந்து விழும். சார்லி வாட்ஸோ அந்தக் கணத்தில் வலது கையைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவார். ஸ்நேர் தனியாக ஒலிக்கும். அந்தச் சிறு இடைவெளியால்தான் ஸ்டோன்ஸ் பாட்டு ஒரு அசைவோடு நடக்கிறது என்பது அங்கிளின் உறுதியான எண்ணம். கேசட்டில் எத்தனையோ முறை கேட்டேன். கேட்பது போலவும் இருக்கும், கேட்காதது போலவும் இருக்கும்.

எங்கள் ஊரில் நேரில் கேட்கிற சங்கீதம் என்றால் ஆடி மாத மாரியம்மன் கோயில் மெல்லிசைக் கச்சேரிதான். அதைக் குறைத்துச் சொல்ல என்னால் முடியாது. எலெக்ட்ரிக் கிட்டாரை முதன்முதலில் கண்ணால் பார்த்தது அந்த மேடையில். ‘சகலகலா வல்லவன்’ படத்தின் புத்தாண்டுப் பாட்டை அவர்கள் எடுத்தால் தெருவே எழுந்து நிற்கும். இளையராஜாவின் பாடல்களுக்குள் ராக் இசையின் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் எவ்வளவு இயல்பாக வந்து உட்கார்ந்திருந்தன என்பதும் அந்த மேடையைப் பார்த்த பிறகே புரிந்தது. சென்னையில் அப்போது ராக் குழுக்களும் இருந்தன. ஏ.ஆர்.ரஹ்மான் சினிமாவுக்கு வருவதற்கு முன் சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் ‘ரூட்ஸ்’ என்ற குழுவில் கீபோர்ட் வாசித்தவர். ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவைத் தொடங்கியவர். அதையெல்லாம் நான் அறிந்தது மிகப் பின்னால். ஜோலார்பேட்டையில் இருந்தவனுக்கு சென்னையைவிட பெங்களூர் பக்கம். ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பாசஞ்சர் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் போதும்.

தாமதமாக வந்தவர்கள்

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெரிய குழுக்கள் எல்லாம் நம்மிடம் வந்தது அவர்களுடைய பின்வயதில். அதற்கு முன்னும் சிலர் வந்திருக்கிறார்கள். 1980-இல் ‘த போலீஸ்’ குழு பம்பாயில் வாசித்தது. 1988-இல் மனித உரிமைக்கான உலகப் பயணத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் ஸ்டிங்கும் பீட்டர் கேப்ரியலும் டெல்லிக்கு வந்தார்கள். ஆனால் அவை எப்போதோ ஒருமுறை நடந்தவை. 1991-க்குப் பிறகு செயற்கைக்கோள் டிவியும் ஸ்பான்சர் பணமும் வந்தபோதுதான் நம் ஊர் மைதானங்கள் அவர்கள் கண்ணில் பட்டன. 1996-இல் மைக்கேல் ஜாக்சன் மும்பைக்கு வந்தார். பிறகு பெங்களூரின் காலம். அரண்மனை மைதானத்துக்கு 2002-இல் ரோஜர் வாட்டர்ஸ் வந்தபோது என்னிடம் காசில்லை. அவருடைய பிங்க் ஃப்ளாய்ட் பாடல்களை அன்றிரவு மொட்டை மாடியில் வாக்மேனில் கேட்டேன். மேற்கே அதே நேரத்தில் அவர் பாடிக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

“கிழவர்களான பிறகு வருகிறார்கள்” என்று வருத்தப்பட்ட நண்பர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இருந்ததில்லை. இருபது வயதில் ஒரு பாட்டைப் பாடுவது வேறு, நாற்பது வருடம் அதையே பாடிவிட்டு அன்றைக்கும் முழு மூச்சோடு பாடுவது வேறு. நான் பார்த்தது இரண்டாவதை. அது கிடைத்ததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அன்று மழையில் நின்ற ஜாகருக்கு 59 வயது. கிட்டார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் 59. சார்லி வாட்ஸுக்கு 61.

நாங்கள் முதலில் நின்றது மிகப் பின்னால். அங்கே ஒரு சிக்கல். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். வெளிச்சமோ உடனே வந்துவிடும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றால், திரையில் குச்சி விழுந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்துத்தான் அடி காதில் விழும். கூட்டத்தின் நடுவே இருக்கிற ஸ்பீக்கர் கோபுரங்களிலும் சத்தத்தை வேண்டுமென்றே அந்த அளவுக்குப் பிந்தவைத்துத்தான் விடுவார்கள். இல்லாவிட்டால் ஒரே அடி இரண்டு அடியாகக் கேட்கும். பாட்டைக் கேட்பதற்கு இது தடையில்லை. எனக்கோ பார்க்க வேண்டியது ஒரு கை எழும்பும் கணம். கண்ணும் காதும் இப்படிப் பிரிந்து நின்றால் அதை எப்படிப் பிடிப்பது?

மழைதான் வழிவிட்டது. வலுத்த மழையில் கொஞ்சம் பேர் மரத்தடிக்கும் ஸ்டால்களுக்கும் ஒதுங்கினார்கள். நண்பன் என் கையைப் பிடித்து இழுத்தான். சிவப்பு மண் குழம்பிச் சேறாகியிருந்தது. ஷூ ஒவ்வொரு அடிக்கும் புதைந்து எழுந்தது. நெருங்க நெருங்க சத்தத்தின் தன்மையே மாறியது. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த சுரங்கள் காதுக்குப் போகாமல் நேராக நெஞ்சுக்கூட்டில் வந்து மோதின. ஐம்பது ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றின் அலைநீளம் ஏழு மீட்டர் இருக்கும். ஒரு லாரியின் நீளம். அந்த அளவு அலை நம் மேல் ஏறிப் போகும்போது சட்டை அதிர்கிறது, பல் அதிர்கிறது. எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரின் உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் பத்து வருடமாக நான் கேட்ட பாட்டுகளுக்கு அடியில் இவ்வளவு இருந்திருக்கிறது!

ஜாகர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினார். 1965-இல் வந்த ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டின் கிட்டார் இழை தனக்குத் தூக்கத்தில் வந்தது என்று கீத் ரிச்சர்ட்ஸ் சொல்லியிருக்கிறார். பாதித் தூக்கத்தில் எழுந்து கேசட் ரெக்கார்டரில் வாசித்துவிட்டுத் தூங்கிப்போனாராம். காலையில் போட்டுக் கேட்டால் கொஞ்சம் கிட்டார், மிச்சமெல்லாம் குறட்டை. கேசட்டில் பிறந்த பாட்டை கேசட்டிலேயே கேட்டு வளர்ந்த நான், இப்போது அந்த மனிதர் விரலாலேயே கேட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு அழுதார். நானும் அழுதேனோ என்னவோ, மழையில் தெரியவில்லை.

அப்புறம் பார்த்தேன். நடுவில், எல்லோருக்கும் பின்னால், சிறிய டிரம் செட். ராக் மேடைகளில் வழக்கமாக இருக்கும் டிரம் கோட்டை எதுவும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஒல்லியான மனிதர். இடது கைக் குச்சியைப் பிடித்த விதமே வேறு. பழைய ஜாஸ் வாத்தியக்காரர்கள் பிடிப்பது போல. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வலது கை தட்டுகிறது, தட்டுகிறது, இடது கை ஸ்நேரில் இறங்குகிற அந்தக் கணத்தில் வலது கை மேலே போய் நின்றுவிடுகிறது. மறுபடியும் தட்டு. மறுபடியும் அந்த நிறுத்தம். இப்போது கண்ணும் காதும் ஒன்றாகிவிட்டன. அரை லட்சம் தடவை கேட்ட பாட்டில் நான் கேட்காமல் விட்டது எங்கே இருந்தது என்று தெரிந்துவிட்டது. “அங்கிள்!” என்று கத்தினேன். நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு வந்த இரவுகள்

அதற்குப் பிறகு அந்த மைதானம் எனக்குப் பழகிய இடமாகிவிட்டது. 2005 மார்ச்சில் மார்க் நாஃப்ளர் வந்தார். லீட்ஸ் நகரில் பத்திரிகை நிருபராக இருந்தவர். ‘டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்’ குழுவைத் தொடங்கி உலகப் பெயர் எடுத்தவர். அவர் கிட்டாரை மீட்டுவது பிக் எனும் சிறு வில்லையால் அல்ல, வெறும் விரலால். வீணை மீட்டுகிற விரல்களை மேடையில் பார்த்திருக்கிற நமக்கு அந்த நாதம் உடனே நெருக்கமாகிவிடுகிறது. அன்று யாரும் குதிக்கவில்லை. மைதானம் முழுக்க உட்காராத குறையாக அமைதி.

2007 மார்ச் 17 இதற்கு நேர்மாறு. அயர்ன் மெய்டன் குழு. பகலிலிருந்தே கறுப்பு பனியன்களால் மைதானம் நிறைந்தது. கவுகாத்தியிலிருந்து இரண்டரை நாள் ரயிலில் வந்த பையன்களோடு டீ குடித்தேன். அன்ரிசர்வ்டு பெட்டியில் மாறி மாறித் தூங்கி வந்தார்களாம். அவர்களுக்கு என் நூற்றைம்பது கிலோமீட்டரைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. டெல்லியின் ‘பரிக்ரமா’ குழு முதலில் வாசித்தது. ராக் நடுவே அவர்களுடைய வயலின் ஏறி வந்தபோது கூட்டம் அந்த இசையைத் தன்னுடையதென்று எடுத்துக்கொண்டது. அதே வருடம் இங்கிலாந்தின் டவுன்லோட் விழாவில் வாசிக்க அவர்களுக்கு அழைப்பு வந்தது.

பிறகு மெய்டன். ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிட்டாரில் ஒரு குதிரை ஓட்டம் உண்டு. தா-தக, தா-தக, தா-தக என்று விரலாலேயே ஓட்டுவார். திருவிழாவில் பறையடிக்குக் கால் தானாக எழும்புமே, அதே எழுச்சி. ‘ஃபியர் ஆஃப் த டார்க்’ தொடங்கியபோது பாட்டு வருவதற்கு முன்பே, கிட்டார் வாசிக்கிற மெட்டை மைதானம் முழுவதும் வாயால் பாடியது. சொல் இல்லை, மொழி இல்லை. தமிழும் கன்னடமும் அசாமியும் காசி மொழியும் பேசுகிற ஆயிரமாயிரம் தொண்டைகளில் ஒரே மெட்டு. பாடகர் புரூஸ் டிக்கின்சன் பாடாமல் நின்று அதைக் கேட்டார். விமானம் ஓட்டத் தெரிந்த பாடகர் அவர். அடுத்த வருடம் குழுவையே ஒரு போயிங் 757-இல் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு மும்பைக்கு வந்திறங்கினார்.

சென்னையிலும் ஓர் இரவு இருக்கிறது. 2009-இல் ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில், சுற்றிலும் காடும் புள்ளிமானும் இருக்கிற அந்தத் திறந்தவெளி அரங்கில், ஸ்வீடன் நாட்டு ‘ஓபெத்’ குழு. ஒரே பாட்டில் உறுமலும் தாலாட்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்தன. 2011 அக்டோபர் 30-இல், மறுபடியும் பெங்களூரில், மெட்டாலிகா குழு. இரண்டு நாள் முன்பு குர்கானில் நடக்கவிருந்த நிகழ்ச்சி ரத்தாகியிருந்ததால், முதல் பாட்டு ஒலிக்கும்வரை அரண்மனை மைதானத்தில் யாருக்கும் நெஞ்சில் நிம்மதியில்லை. ஒலித்த பிறகு நடந்ததை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

ஒவ்வொரு கச்சேரியிலும் முதலில் டிரம்மர் எங்கே என்று தேடுவேன். அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை.

2021 ஆகஸ்ட் 24. சார்லி வாட்ஸ் இறந்துவிட்டார் என்று செய்தி. 80 வயது. 1963 ஜனவரியில் குழுவில் சேர்ந்தவர். 1967 வாக்கிலிருந்து, பயணங்களில் தான் படுத்த ஒவ்வொரு ஓட்டல் கட்டிலையும் நோட்டில் படமாக வரைந்து வைத்துவந்தவர். அப்படியானால் பெங்களூரில் அவர் படுத்த கட்டிலும் அந்த நோட்டுகளில் ஏதோ ஒன்றில் இருக்கும். அதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்ல அங்கிள் இல்லை. அவர் போய் அப்போது பத்து வருடம்.

அந்த ஏப்ரல் இரவு கச்சேரி முடிந்து நாங்கள் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஈரத் துணியோடு படுத்தோம். காலையில் முதலில் வந்த வண்டியில் ஏறினோம். ஜோலார்பேட்டையில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கிள் வீட்டு வாசலுக்குப் போனேன். அரை டிராயரும் பனியனுமாக வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மழையைப் பற்றிக் கேட்கவில்லை, ஜாகரைப் பற்றிக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“எடுத்தானா மேன்?”

“எடுத்தாரு அங்கிள். ஒவ்வொரு தடவையும்.”

“பக்கத்துல இருந்து பார்த்தியா?”

“முகம் தெரியற அளவுக்கு.”

ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். ஸ்நேர் டிரம்மோடு வந்து உட்கார்ந்தார். கச்சேரிப் படம் வந்திருந்த அன்றைய பேப்பரைப் பதமாக மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, முந்தின நாள் பேப்பரை எடுத்து டிரம்மின் மேல் விரித்தார். பிரஷ் தாளில் உரச ஆரம்பித்தது. எண்ணிக்கொண்டே பார்த்தேன். எட்டில் இரண்டு இடங்களில் அவருடைய வலது கை மேலே போய், காற்றில், கொஞ்சம் நின்று இறங்கியது. நான் ஷூவைக்கூடக் கழற்றாமல் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். அதில் அரண்மனை மைதானத்துச் சிவப்புச் சேறு காயத் தொடங்கியிருந்தது.